மாமாட கண்ணும் பூஞ்சணத்தின்ட ஜீனும்

இல்ல. எங்கட மாமாவுக்குப் பரம்பரை வருத்தம் ஒண்டும் இல்ல.

இதை நான் இந்த மாசம் போனில எத்தின பேருக்குச் சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியா. செங்கலடியில இருந்து ஒரு சித்தி. ஏறாவூரில இருந்து மாமாவோட படிச்ச ஒருத்தர். பங்குடாவெளிச் சொந்தக்காரர் ரெண்டு மூண்டு பேர். கேள்வி மட்டும் ஒண்டுதான்: “மாமாவுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்களாமே மனே?”

கேக்கிற தொனியிலேயே விசயம் விளங்கிடும். மாமாட மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்காங்க. ஜீன் எண்டா பரம்பரை. பரம்பரை எண்டா மகளுக்கும் வரும். மகளுக்கு வந்தா பேரப்பிள்ளைக்கும் வரும். (இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்கு எங்கட சனம் அதுக்குள்ள கண்ணாடி போட்டு முடிச்சிட்டாங்க.) மாப்பிள்ளை வீட்டாரும் மெல்ல ஒரு ஆளை விட்டு விசாரிச்சிருக்காங்க. மாமி ரெண்டு நாள் சோறு தின்னேல்ல.

டொக்டர் சொன்னது மாமாட ஜீனை இல்ல. மாமாட கண்ணுக்குள்ள குடியிருந்த பூஞ்சணத்தின்ட ஜீனை.

அந்தப் பூஞ்சணத்துக்கு ஆரும் கல்யாணம் பேசேல்ல. ஆகவே எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்.

இந்த எரிச்சலோடதான் இதை எழுத இருந்தனான். எழுதுறதுக்காகத் தேடித் தேடி வாசிச்சதில எரிச்சல் பாதி குறைஞ்சிட்டுது. விசயம் அவ்வளவு சுவாரசியம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோட இருங்க.

நடந்தது இதுதான். பெரும்போக வெட்டு. எங்கட ஊர் கரடியனாறைத் தெரியாத ஆக்களுக்கு: செங்கலடியில இருந்து பதுளை வீதியால உள்ளுக்கு வந்தா, கறுத்தப்பாலம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் வட்டைதான். வெட்டுக் காலத்தில இந்தப் பக்கம் காத்தே நெல்லுத் தூசாத்தான் இருக்கும். முந்தி அரிவாளால வெட்டி, சூடு வச்சு, களவெட்டியில அடிச்ச காலத்தில தூசி ஒரு ஒழுங்கில வரும், காத்துப் பாத்துத் தூத்துவாங்க. இப்ப வெட்டு மெசின். அது ஒரு பக்கத்தால நெல்லைக் கொட்டும், மற்றப் பக்கத்தால பதரையும் கூளத்தையும் சுணையையும் மூஞ்சியில அடிக்கும். மாமா சாக்குப் பிடிக்கிறதுக்கு மெசினுக்குப் பின்னால நிண்டவர். கண்ணில ஏதோ பட்டிச்சு. கசக்கினார்.

அவ்வளவுதான். அதுக்கெல்லாம் வீட்ட வாற ஆளா அவர்?

பின்னேரம் கண் சிவந்து தண்ணி ஓடிச்சு. மறுகா வைத்தியம் தொடங்கிச்சு. பக்கத்து வீட்டில கைக்குழந்தை உள்ள தாயிட்டப் பால் வாங்கி விட்டாங்க. அடுத்த நாள் நந்தியாவட்டைப் பூ. அதுக்கடுத்த நாள் மாமாட கூட்டாளி ஒராள் பார்மசியில ஒரு சின்னப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்து குடுத்தார். டொக்டர்ட துண்டு இல்லாமத்தான். (எந்தப் பார்மசி எண்டு கேக்காதீங்க, சொல்ல மாட்டன். ஒரு கடையை மட்டும் குறை சொல்றதிலயும் நியாயம் இல்ல.)

அந்தப் போத்தல் மருந்தை விட்டதும் கண் வெளுத்திட்டுது. நோவும் குறைஞ்சிட்டுது. மாமா ஊரெல்லாம் அந்த மருந்தைப் புகழ்ந்து திரிஞ்சார்.

ஒரு கிழமைக்குள்ள கருமணியில வெள்ளையா ஒரு புள்ளி.

அந்தப் போத்தலில இருந்தது ஸ்டீரொயிட். ஸ்டீரொயிட் என்ன செய்யும் எண்டா, உடம்பு கிருமியோட போடுற சண்டையை நிப்பாட்டும். சிவப்பும் வீக்கமும் நோவும் அந்தச் சண்டையாலதான் வாறது. சண்டை நிண்டா ஆளுக்குச் சுகம். பூஞ்சணத்துக்கு அதைவிடச் சுகம். தடுக்க ஆள் இல்லாத வட்டையில அது ஆறுதலா வேர் விடும்.

இதில பங்கசு, அதுதான் இந்தப் பூஞ்சணம், கண்ணில வாறது ஏதோ அபூர்வமான வருத்தம் எண்டு நினைக்காதீங்க. முதல் முதல் இந்த வருத்தத்தை எழுதி வச்சவர் தியோடர் லேபர் எண்ட ஜேர்மன் கண் டொக்டர். 1879ஆம் ஆண்டு. அவர்ட்ட வந்த நோயாளி ஒரு கமக்காரன். ஓட்ஸ் தானியத்தைச் சூடடிக்கிற மெசினில இருந்து பதர் பறந்து வந்து கண்ணில பட்டிருக்கு! வாசிச்சிட்டு நான் கதிரையை விட்டே எழும்பிட்டன். நாடு வேற, தானியம் வேற, மெசின் வேற, கிட்டத்தட்ட ஒண்டரை நூற்றாண்டு இடைவெளி. கதை மட்டும் எங்கட மாமாட கதை.

எங்களுக்குக் கிட்டடியில நடந்த கணக்கு வேணும் எண்டா மதுரையைப் பாக்கலாம். 1994 தை தொடங்கிப் பங்குனி வரைக்கும் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கோர்னியாப் புண்ணோட வந்த 434 பேரைப் பாத்திருக்காங்க. (கோர்னியா எண்டா கருமணிக்கு மேல மூடியிருக்கிற, வெளிச்சம் உள்ளுக்குப் போற தோல்.) 297 பேர்ட கண்ணில இருந்து எடுத்ததில கிருமி வளந்திருக்கு. அதில பக்டீரியா மட்டும் 140 பேருக்கு. பங்கசு மட்டும் 139 பேருக்கு. சரி பாதிக்குப் பாதி. வந்த ஆக்களில மூண்டில ரெண்டு பேருக்குக் கண்ணில முதல் ஏதோ அடிபட்டிருக்கு. குளிர் நாடுகளில பங்கசு இப்பிடிப் பாதிப் பங்கு கேக்கிறதில்ல. வெக்கையும் ஈரமும் வயலும் இருக்கிற இடத்திலதான் அதுக்கு இவ்வளவு செல்வாக்கு. உலகம் முழுக்க வருசத்துக்குப் பத்து இலட்சத்துக்கு மேல ஆக்களுக்கு இந்தப் பங்கசுப் புண் வருது எண்டு 2021இல ஒரு மதிப்பீடு வந்திச்சு. நூறு பேரில எட்டுத் தொடக்கம் பதினொரு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வருதாம்.

மதுரையில பிடிபட்ட பங்கசுகளில முதலிடம் ஃபியூசேரியத்துக்கு. இது மண்ணில இருக்கிற சாதனம். வாழைக்கு வாடல் வருத்தம் குடுக்கிறது இதின்ட சாதிதான். நெல்லு நாத்து ஒண்டு மட்டும் ஒல்லியா, வெளிறி, மற்றதையெல்லாம் விட உசரமா வளந்து மறுகா செத்துப் போகும் பாருங்க, அதுவும் இதின்ட வேலைதான். வயலில நிக்கிற எங்களுக்கு இது பழகின ஆள். ஆனாக் கண்ணுக்குள்ள வரும் எண்டு ஆரும் சொல்லித் தரேல்ல.

சரி, மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போனம். கண் டொக்டர் முதல் கேட்ட கேள்வி: “என்ன மருந்து விட்டீங்க?” மாமா பெருமையாப் போத்தலை எடுத்துக் குடுத்தார். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஒண்டும் பேசேல்ல. (அந்த மௌனத்துக்கு நான் மாமாட பக்கம் கிறுகிப் பாக்கேல்ல.)

மறுகா கண்ணை மரக்கப் பண்ணுற மருந்து விட்டு, புண்ணுட ஓரத்தில மெல்லச் சுரண்டி எடுத்தாங்க. அந்தத் துணுக்கில ஒரு பங்கை ஒரு கண்ணாடித் தகட்டில வச்சு, காஸ்டிக் பொட்டாசுக் கரைசல் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில பாக்கிறது. அந்தக் கரைசல் கண்ணுட சதையைக் கரைச்சிடும். பங்கசுட சுவர் கெட்டி, கரையாது. ஆகவே நூல் நூலாக் கிளை விட்டு நிக்கிறது தெரியும். செலவு ஒண்டுமில்ல எண்டே சொல்லலாம். பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில விடை.

மாமாட தகட்டில நூல் தெரிஞ்சிச்சு. அண்டைக்கே பங்கசு மருந்து தொடங்கிட்டாங்க.

மற்றப் பங்கைக் கிருமி வளக்கிற தட்டில போட்டாங்க. கல்ச்சர். அதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. பங்கசு வளரச் சில நாள் எடுக்கும். சிலது இன்னும் மெதுவா. “ஒண்டும் இல்ல” எண்டு அடிச்சுச் சொல்ல ரெண்டு கிழமை காத்திருக்க வேணும். அதுக்குள்ள கண் காத்திருக்குமா?

இந்த இடத்திலதான் டொக்டர் அந்தச் சொல்லைச் சொன்னவர். “தட்டில ஒண்டும் வளராமலும் மருந்துக்குக் கேக்காமலும் போனா, கொழும்புப் பக்கம் அனுப்பி ஜீன் பாக்க வேண்டி வரும்.”

வளராட்டி. கேக்காட்டி. ரெண்டும் நடந்தாத்தான்.

மாமிக்குக் கேட்டது “ஜீன் பாக்க” எண்ட ரெண்டு சொல்லு மட்டும். வாட்டு வாசலில நிண்டு தங்கச்சிக்குப் போன் எடுத்தா. அங்கால நடந்தது உங்களுக்குத் தெரியும்.

இப்ப ஜீனுக்கு வாறன்.

பிசிஆர். கொரோனாக் காலத்தில மூக்குக்குள்ள குச்சி விட்டாங்களே, அதே பிசிஆர். இதை 1983இல கண்டுபிடிச்சவர் கேரி முல்லிஸ் எண்ட அமெரிக்கர். 1993இல நோபல் பரிசு குடுத்தாங்க. விசயம் இதுதான்: ஒரு டிஎன்ஏத் துண்டைச் சூடாக்கிப் பிரிச்சு, ஆறவச்சு, ரெண்டாக்கி, திருப்பிச் சூடாக்கி, நாலாக்கி... ஒவ்வொரு சுத்துக்கும் இரட்டிக்கும். முப்பது சுத்துச் சுத்தினா ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டும். நம்பாட்டி கல்குலேட்டரில ரெண்டை ரெண்டால பெருக்கிக்கொண்டே போய்ப் பாருங்க. எல்லாம் கொஞ்ச மணித்தியால வேலை. கண்ணில இருந்து எடுக்கிற துணுக்கு ஊசி முனையளவுதான், அதில கல்ச்சருக்குப் போதாத சொச்சம் மட்டும் இருந்தாலும் இது பிடிச்சிடும்.

ஆனா உலகத்தில இருக்கிற இத்தினை ஆயிரம் பங்கசில எது எண்டு எப்பிடித் தெரியும்?

லொறிகளை நினைச்சுக்கொள்ளுங்க. எந்தக் கொம்பனி லொறி எண்டாலும் நம்பர் தகடு பூட்டுற இடம் ஒண்டு. நம்பர்தான் வேற வேற. பங்கசுட ஜீனிலயும் அப்பிடி ஒரு இடம் இருக்கு. ரெண்டு பக்கக் கரையும் எல்லாப் பங்கசுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. நடுவில கிடக்கிற துண்டு மட்டும் இனத்துக்கு இனம் வேற. கரையைப் பிடிச்சுப் பெருக்கி, நடுவை வாசிச்சா பேர் கிடைக்கும். அந்த நடுத்துண்டுக்கு ஐடிஎஸ் எண்டு பேர். கரையைப் பிடிக்கிற கொளுக்கிகளை 1990இல எழுதி வெளியிட்டாங்க. 2012இல ஐடிஎஸ்தான் பங்கசுகளுக்குரிய பொது அடையாளக் குறி எண்டு உலகத்து ஆய்வாளர்கள் கூடி ஏத்துக்கொண்டாங்க. இன்னொரு வசதி, இந்தத் துண்டு ஒரு பங்கசுக்குள்ளேயே பல பிரதியா இருக்கு. ஆகவே கொஞ்சத் துணுக்கில இருந்தே பிடிக்கலாம்.

(ஃபியூசேரியம் குடும்பத்துக்குள்ள அண்ணன் தம்பியைப் பிரிக்க இந்த ஐடிஎஸ் மட்டும் போதாது, இன்னொரு ஜீனையும் வாசிக்க வேணும். அவ்வளவு ஆழத்துக்கு நாங்க போகத் தேவையில்ல.)

எங்கட பக்கத்து ஆக்கள்தான் இதைக் கண்ணுக்குக் கொண்டுவந்ததில முன்னுக்கு நிண்டிருக்காங்க. சென்னை சங்கர நேத்ராலயாவில கண்ணுக்குள்ள இருக்கிற நீரில பங்கசைப் பிசிஆரால பிடிக்கிறதைப் பற்றி மாதவன் எண்ட ஆய்வாளர்ட குழு 2001இலயே எழுதியிருக்கு. கொரோனாவுக்குப் பத்தொன்பது வருசத்துக்கு முன்னம். நாங்க பிசிஆர் எண்ட சொல்லையே கேள்விப்படாத காலம்.

சரி, நுணுக்குக்காட்டியில நூல் தெரிஞ்சா பங்கசு. பங்கசுக்கு மருந்து. மறுகா எதுக்கு ஜீன்?

நானும் இதைத்தான் கேட்டன். விடையாப் பித்தியம் எண்ட ஒரு பூதம் வந்திச்சு.

பித்தியம் இன்சிடியோசம். நுணுக்குக்காட்டியில நூல் நூலாத் தெரியும். தட்டில வளத்தாலும் பங்கசு மாதிரியே பரவும். கண்ணில வாற புண்ணும் அப்பிடியே. ஆனா அது பங்கசே இல்ல! பாசிகளுக்குக் கிட்டின சொந்தம். 1845இல அயர்லாந்தில உருளைக்கிழங்கையெல்லாம் அழுக வச்சு ஒரு நாட்டையே பட்டினி போட்டிச்சே ஒரு கிருமி, அந்தக் கூட்டத்து ஆள். இருக்கிற இடம் தண்ணி. தேங்கின தண்ணி, சதுப்பு, வயல். நீந்துற வித்துகளை விடும்.

இதில வில்லங்கம் என்ன எண்டா, கனக்கப் பங்கசு மருந்துகள் குறிவைக்கிறது பங்கசுட தோலில இருக்கிற எர்கோஸ்ரெரோல் எண்ட ஒரு கொழுப்பை. பித்தியத்துக்கு அது இல்ல. ஆகவே டொக்டரும் மணிக்கு மணி மருந்து விடுவார், நோயாளியும் பொறுமையா இருப்பார், புண்ணும் தன்ட பாட்டில பெருக்கும். “மருந்துக்குக் கேக்குதில்ல” எண்டு கடைசியாக் கோர்னியா மாத்துறதோ கண்ணை எடுக்கிறதோதான்.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்தில தட்டில வளந்தும் பேர் தெரியாம இருந்த பங்கசுகளின்ட ஜீனை வாசிச்சுப் பாத்தா, அதில சிலது பித்தியம். 2015இல அதை எழுதினாங்க. மறுகா மதுரையிலயும் தேடத் தொடங்கினா அங்கயும் இருக்கு. இப்ப இதுக்குக் குடுக்கிறது என்ன தெரியுமா? லினெசோலிட், அசித்ரோமைசின். ரெண்டும் பக்டீரியாவுக்குக் குடுக்கிற மருந்து. பங்கசு மருந்து இல்ல.

யோசிச்சுப் பாருங்க. எத்தின வருசம் எத்தின ஆக்கள் பங்கசு எண்ட பேரில பித்தியத்துக்குத் தப்பான மருந்து விட்டிருப்பாங்க? உறுகாமம் குளத்துத் தண்ணியில வேளாண்மை செய்யிற, வாய்க்காலில மூஞ்சி கழுவுற எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்ல.

ஜீன் டெஸ்ட் உண்மையிலேயே கூலி வாங்குற இடம் இதுதான் எண்டு நான் நினைக்கிறன். பேர் மாறினா மருந்தே மாறுது.

இன்னொரு கதையும் சுருக்கமாச் சொல்லிட்டுப் போறன். 2006இல சிங்கப்பூர், ஹொங்கொங், அமெரிக்கா எண்டு கொன்டக்ட் லென்ஸ் போடுற ஆக்களுக்கு ஃபியூசேரியப் புண் வரிசையா வந்திச்சு. அமெரிக்காவில மட்டும் உறுதியான ஆக்கள் 164. விசாரிச்சா கன பேர் பாவிச்சது ஒரே லென்ஸ் கழுவுற தண்ணி, போஷ் அண்ட் லோம் கொம்பனிட ரெனியூ மொய்ஸ்சர்லொக். தொழிற்சாலையில பங்கசு கலந்திட்டுது எண்டுதானே உங்களுக்கும் தோணும்? ஜீனை வாசிச்சாங்க. குறைஞ்சது பத்து இனம், பத்தொன்பது வகை. ஒரு தாங்கியில இருந்து வந்திருந்தா எல்லாம் ஒரே ஆளா இருந்திருக்கும். ஆகவே பங்கசு வந்தது அவங்கவங்க வீட்டில இருந்துதான், அந்தத் தண்ணியால அதைக் கொல்ல ஏலாமப் போயிட்டுது. சாமானை உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தாங்க. ஜீன் இல்லாட்டி பிழையான இடத்தைத் தோண்டிக்கொண்டு இருந்திருப்பாங்க.

இவ்வளவு புகழ்ந்திட்டன். இப்ப மற்றப் பக்கம்.

பங்கசு வித்து காத்திலயே மிதக்குது. சுரண்டுற கத்தியில, போத்தலில, டெஸ்ட் செய்யிற ஆள்ட கையில ஒண்டு ஒட்டியிருந்தாலும் பிசிஆர் அதையும் நூறு கோடியாப் பெருக்கிக் காட்டும். கண்ணில இல்லாததை இருக்கு எண்டு சொல்லும். மருந்தால செத்துப்போன பங்கசுட டிஎன்ஏயும் கொஞ்ச நாள் கிடக்கும், அதையும் பிடிக்கும். பங்கசுட சுவர் கெட்டி எண்டன்தானே, அதை உடைச்சு டிஎன்ஏ எடுக்கிறதே பெரிய பாடு, சரியா உடையாட்டி இருக்கிறதையும் இல்ல எண்டு சொல்லும். எந்த மருந்து எவ்வளவு கேக்கும் எண்டு தட்டில வளத்தாச் சோதிக்கலாம், பேரை வாசிச்சு மட்டும் அதைச் சொல்ல ஏலாது.

ஆக, ஜீன் டெஸ்ட் வந்தா நுணுக்குக்காட்டியைத் தூக்கி எறியலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க. முதல் சுரண்டித் தகட்டில பாக்கிறது. கூடவே தட்டில போடுறது. தகட்டில தெரியேல்ல, தட்டில வளரேல்ல, வளந்தும் பேர் தெரியேல்ல, மருந்துக்குக் கேக்கேல்ல எண்டா அப்ப ஜீன். இது என்ட கட்சி. (நான் டொக்டர் இல்ல. வாசிக்கிற விவசாயி.)

இன்னுமொரு ஆதங்கம். கொரோனாவுக்காக நாட்டில எத்தின இடத்துக்குப் பிசிஆர் மெசின் வந்திச்சு. அந்த மெசினுக்குக் கொரோனா வேற, பங்கசு வேற எண்டு இல்ல. போடுற கொளுக்கிதான் வேற. வெட்டுக் காலத்தில மட்டும் எண்டாலும் கிழக்கில ஒரு இடத்தில இதைச் செய்யிற ஒழுங்கு வந்தா, துணுக்கு கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்ல. ஆளும் பயிற்சியும் மருந்துச் சாமானும் வேணும், சும்மா வராது எண்டு தெரியும். எண்டாலும் கேட்டு வைக்கிறன்.

மாமாட கதையை விட்டுட்டன்.

தட்டில வளந்திச்சு! வெள்ளையா மயிர் விட்டு. நுணுக்குக்காட்டியில பாத்தா அரிவாள் வடிவத்தில வித்து. ஃபியூசேரியம். (அரிவாளை விட்டுட்டு மெசினுக்கு மாறினம். அரிவாள் கண்ணுக்குள்ளால வந்திட்டுது.) ஆகவே ஜீன் டெஸ்ட் எடுக்கவே இல்ல. எடுக்காத டெஸ்டுக்குத்தான் இவ்வளவு கூத்தும்.

விட்ட மருந்து நேட்டாமைசின். இதைப் பற்றி ஒரு சின்னக் கதை. 1950களில தென்னாபிரிக்காவில நேட்டால் பக்கத்து மண்ணில இருந்து எடுத்த ஒரு நுண்ணுயிர் சுரக்கிற சாதனம் இது. ஊர்ப் பேரையே வச்சிட்டாங்க. இதையே சீஸ் கட்டியில பூஞ்சணம் பிடிக்காம மேல பூசுறாங்க! இதை மாமாவுக்குச் சொன்னன். “அப்ப நான் சீஸைத் தேய்ச்சாப் போதாதா?” எண்டார். போதாது மாமா.

விலை கூடின புது மருந்தாச்சே, வொரிகொனசோல் இதைவிட நல்லது எண்டு கன பேர் நினைச்சிருக்காங்க. அரவிந்த் ஆஸ்பத்திரியில 323 பேரை வச்சு ரெண்டையும் ஒப்பிட்டு 2013இல முடிவு சொன்னாங்க. பழைய நேட்டாமைசின்தான் வெண்டிச்சு, அதுவும் ஃபியூசேரியத்தில நல்லா வெண்டிச்சு. 2017இல உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில சேத்திச்சு. இதிலயும் பேர் தெரியிறதின்ட பெறுமதி விளங்குது பாருங்க.

ஆனா விடுறது லேசில்ல. குலுக்கி விட வேணும், பால் மாதிரி இருக்கும், கண்ணில வெள்ளையாப் படியும். தொடக்கத்தில மணிக்கொருக்கா. இரவிலயும். மாமி அலாரம் வச்சு எழும்பி விட்டா. மாமா ஒவ்வொரு முறையும் “இப்பதானே விட்டாய்” எண்டு சண்டை. மூடி துறக்கிற சத்தத்துக்கே நித்திரை மாதிரி நடிக்கப் பழகிட்டார்.

இப்ப புண் ஆறிட்டுது. தழும்பு இருக்கு, அந்தக் கண்ணால மங்கலாத்தான் தெரியும். தழும்பு நடுவில விழுந்தாக் கோர்னியா மாத்தித்தான் பார்வை எடுக்கலாம். அந்த விசயத்தில இலங்கைக்கு ஒரு பெருமை இருக்கு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல தொடங்கின கண் தானச் சங்கம் 1964இல சிங்கப்பூருக்குக் கண் அனுப்பத் தொடங்கி, இண்டைக்கு வரைக்கும் எத்தினையோ நாட்டுக்கு அனுப்புது. உலகத்துக்குக் கண் குடுக்கிற நாட்டில பதரால கண் போறது எனக்கு வெக்கமாத்தான் கிடக்கு.

நேபாளத்தில பக்தபூர் எண்ட இடத்தில ஒரு வேலை செய்திருக்காங்க, 2001இல எழுதினது. ஊர்த் தொண்டர்களைப் பழக்கி, கண்ணில உரசின ஆக்களுக்கு உடனே குளோரம்பெனிகோல் களிம்பு போட விட்டிருக்காங்க. 442 பேர். 424 பேருக்குப் புண் வராமலே ஆறிட்டுது. அடிபட்டு 18 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கின 284 பேரில ஒருத்தருக்கும் புண் வரேல்ல. ஒரு நாள் கழிச்சு வந்த ஆக்களிலதான் கனக்க வந்திருக்கு. (நேபாளத்தில பின்னாக் காலத்தில பெரிசாச் செய்த இன்னொரு ஆய்வில இப்பிடி வித்தியாசம் தெரியேல்ல. அதையும் சொல்லத்தானே வேணும்.) எண்டாலும் உரசின அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறதால ஆருக்கும் நட்டம் வந்ததா நான் கேள்விப்படேல்ல.

கண்ணில படாமலே இருந்தா இன்னும் நல்லம். அதுக்காக நானும் மாமாட மகனும் கண்ணாடி தேடித் திரிஞ்சம்.

ஹாட்வெயாரில விக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி: வேர்வையில ஆவி பிடிச்சு மெசினும் தெரியா, வரம்பும் தெரியா. ஓட்டை வச்ச வகை: ஆவி இல்ல, ஆனா சுணை ஓட்டையால உள்ளுக்கு வந்து குடும்பம் நடத்துது. கறுப்புக் கூலிங் கிளாஸ்: பக்கம் திறந்து கிடக்கு, மெசின்காரப் பொடியன் சிரிச்சுச் சிரிச்சு நெல்லைக் கீழ கொட்டிட்டான். மோட்டச்சைக்கிள் ஹெல்மட்டை மூடிக்கொண்டு நிண்டு பாத்தன், தலை வெந்திட்டுது. குளிக்கிற சவுக்காரத்தை உள்பக்கம் மெல்லிசாப் பூசித் துடைச்சா ஆவி கொஞ்ச நேரம் பிடிக்குதில்ல. அது மட்டும் கொஞ்சம் வேலை செய்யுது. நீச்சல் கண்ணாடிதான் தூசிக்கு முழுசாப் பொருந்தினது. ஆனா மாமா அதைப் போட்டுக்கொண்டு வட்டைக்குப் போக மாட்டன் எண்டு ஒரே பிடியா நிக்கிறார். கண் போனாலும் மானம் போகக்கூடாதாம்.

கல்யாணம் சரி வந்திட்டுது, அதையும் சொல்லிடுறன். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய்ப் பூஞ்சணத்தின்ட குடும்ப வரலாறு முழுக்கச் சொன்னன். பாதியில மாப்பிள்ளைட தகப்பன், “தம்பி, எங்களுக்கு விளங்கிட்டுது, தேத்தண்ணியைக் குடிங்க” எண்டார்.

சிறுபோக வெட்டு ஆவணி, புரட்டாதியில வரும். துண்டில்லாம வாங்கின கண் மருந்துப் போத்தல் வீட்டில கிடந்தா, இண்டைக்கே ஒரு டொக்டர்ட்டக் காட்டுங்க. கண்ணில பதர் பட்டா கசக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, விட்ட மருந்தெல்லாத்தையும் கையோட கொண்டு போங்க. மறுகா, ஆவி பிடிக்காத, பக்கமெல்லாம் மூடின, மாமா மாதிரி ஆக்கள் வெக்கப்படாமப் போடக்கூடிய கண்ணாடி மட்டக்களப்பில எந்தக் கடையில கிடைக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் எனக்குச் சொல்லுங்க.